பதிலாள் மூச்சு

ஜூலை 8, செவ்வாய்

நர்ஸ் மாரித்தாய் இன்று எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்தாள். நுரையீரல் நோய்க்கென்று இந்த வருடம் அரசாங்கம் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறதாம். மூச்சைச் சோதிக்கும் மெஷின், வாரம் ஒரு நாள் நெஞ்சு டாக்டர், இலவச இன்ஹேலர். ஆனால் வட்டாரத்தில் ஒரே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான். எந்த ஊரில் பாதிப்பு அதிகமோ அந்த ஊருக்கு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் எம். புதுப்பட்டியில், மெஷினில் ஊதச் சொல்லிக் கணக்கெடுக்கும் முகாம்.

பாதிப்பில் எங்களை யார் ஜெயிக்க முடியும்? என் வீட்டுக்காரர் முனியராஜ் ஒருவர் போதும். பட்டாசு மருந்து கலக்கும் அறையிலேயே பாதி ஆயுசு. காலையில் அவர் இருமினால் தெருவே எழுந்துகொள்ளும். விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், "ஒரு நாள் வேலை போயிருமே" என்பார். மெஷின் இங்கேயே வந்துவிட்டால் என்ன சாக்குச் சொல்வார்?

ஜூலை 13, ஞாயிறு

பட்டாசுக் கம்பெனியில் அவசர லோடு. பேக்கிங்கை விட்டு நகர முடியவில்லை. "ஊதினீகளா?" என்று வந்ததும் கேட்டேன். "ஆச்சு, ஆச்சு" என்றார். நிம்மதி.

ஜூலை 29

மெஷின் வேறு ஊருக்குப் போகிறது! "வட்டாரத்திலயே உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் நல்ல நெஞ்சாம்க்கா" என்றாள் மாரித்தாய். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கொழுந்தன் கதிரவன்தான் சிரித்துக்கொண்டே விஷயத்தை உடைத்தான். "அண்ணனுக்குப் பதிலா நாந்தான் மதினி ஊதினேன். மெஷின்காரரே அசந்துட்டாரு."

இவன் மட்டுமில்லை, பாதி ஊர் இதையே செய்திருக்கிறது. இங்கே ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி அவன் பேரில் வேலைக்குப் போவான். போர்மேன் கண்டும் காணாமல் இருப்பார். அதே பழக்கத்தை முகாமிலும் காட்டியிருக்கிறார்கள். அட, அறிவுகெட்ட ஜென்மங்களா! வேலைக்கு ஆள் மாத்தலாம், நுரையீரலுக்குமா?

வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நெஞ்சு கெட்டவன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா தீவாளி சீசன்ல வெளிய அனுப்பிருவாக. பெறகு அடுப்பு எப்படி எரியும்?" என்றார்.

அவர் சொல்வதும் நிஜம்தான். அதனால்தான் இவ்வளவு கோபம். இல்லை, பயம். இவர் இல்லாமல் நான் — வேண்டாம், எழுத வேண்டாம்.

ஜூலை 31

சோறு போட்டேன். குழம்பை அவரே ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராம சபை. வட்டார மருத்துவ அதிகாரி வந்திருந்தார். எழுந்து, நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "பணம் இருக்கும்மா. நோயாளியே இல்லாத ஊருக்கு எதைச் சொல்லி வாங்கித் தர?" என்றார்.

"சோதனை முடிவு கம்பெனிக்குப் போகாதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நெஞ்சு கெட்டவுகளுக்கு வேற வேலை குடுக்கச் சொல்லுங்க. ஆள் தானா வரும்" என்றேன்.

முடிவு வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தார். வேலை விஷயம் தன் கையில் இல்லை, கலெக்டர் ஆபீசில் பேசுகிறேன் என்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு இருமல். யாரென்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. "நான் ஊதல சார். என் தம்பிதான் ஊதினான்" என்றது அவர் குரல். அடுத்து, வேறொரு கம்பெனியில் மருந்து கலக்கும் கோட்டைச்சாமி அண்ணன் எழுந்தார். பிறகு அங்கங்கே எழுந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மெஷினை இன்னும் அனுப்பவில்லை, மறுபடி முகாம் போட்டுப் பார்ப்போம் என்றார் அதிகாரி.

ஆகஸ்ட் 24

மறு முகாம். சும்மா வேடிக்கை பார்க்க வந்த கதிரவனைக்கூட வாசலிலேயே விரட்டிவிட்டேன். வீட்டுக்காரரே ஊதினார். பாதி ஊதுவதற்குள்ளேயே மூச்சு தீர்ந்துவிட்டது. தூசியை விட்டு விலகி, இன்ஹேலரை விடாமல் எடுத்தால் இதற்குமேல் மோசமாகாது, கொஞ்சம் தேறவும் செய்யலாம் என்றார் டாக்டர்.

செப்டம்பர் 9

வட்டாரத்திலேயே மோசமான நெஞ்சு எங்கள் ஊருக்குத்தான்! மெஷின் இங்கேதான்! இப்படி ஒரு செய்திக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 22

வேறு வேலை வேண்டுமென்று கம்பெனியில் அவரே போய்க் கேட்டிருக்கிறார். லேபிள் ஒட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோட்டைச்சாமி அண்ணனுக்கு அவர் கம்பெனியில் இன்னும் மாற்றித் தரவில்லை. நாளை குழுவோடு கலெக்டர் ஆபீஸ் போகிறோம்.

நவம்பர் 12, புதன்

நெஞ்சு டாக்டர் வரும் நாள். சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனோம். பாதி வழியில் நான் பின்தங்கிவிட்டேன். "வெரசா வா செல்வி, டோக்கன் முடிஞ்சிரும்!" என்று தூரத்திலிருந்து திரும்பிக் கத்தினார். கத்திய பிறகு இருமவில்லை.