வாசலில் இறங்கியவர்

கோர்னாத்தோ,
ஏப்ரல் 24, வெள்ளி காலை

அன்பு மகன் தமியானோவுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் நானும் உன் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், பூசைக்குப் போகிறோம், நலம் என்று எழுத அவ்வளவு போதும் என்றால் நலம். நீ பயிற்சிக்குப் போயிருக்கும் அந்தத் தீவு மலையில் காற்று மெலிந்திருக்கிறது என்றாயே, மூக்கில் ரத்தம் வருவது நின்றதா, உன் அணியில் உள்ள எட்டுப் பேரும் உன்னோடுதான் இருக்கிறார்களா. போனில் கேட்கலாம்தான். ஆனால் நீ போனை எடுக்கும்போதெல்லாம் மசாஜ் மேசையில் குப்புறக் கிடக்கிறாய், இங்கே உன் அப்பா நான் பேசும்போதெல்லாம் பக்கத்திலேயே நிற்கிறார். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதுவது. பால் வண்டியை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியதும் உட்கார்ந்தேன், திரும்பி வருவதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும். நீயும் உட்கார்ந்து படி.

புதன்கிழமை லோரிஸின் காப்பிக்கடையில் நீ பத்திரிகைக்குச் சொன்னதைப் படிக்கக் கேட்டோம். கேட்டதிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. பாலை இரண்டு முறை பொங்கவிட்டேன், ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். என் மகன் வாயிலிருந்தா அந்த வார்த்தை வந்தது என்று இன்னும் திகைப்பாகத்தான் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் பாதையைப் பற்றி எழுதிவிடுகிறேன், எண்களை எழுதினால்தான் எனக்கு மற்றதை எழுத வரும்.

இந்த வருடச் சைக்கிள் சுற்றுப் போட்டிக்கான தனி மலரில், நடுவில் வரும் ஓய்வு நாட்கள் போக, இருபத்தொரு நாள் பாதையும் படத்தோடு போட்டிருக்கிறார்கள். வழக்கம்போல் என் சமையல் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எந்த நாள் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம் என்று எழுதிக் கூட்டினேன். அவர்கள் அச்சடித்த மொத்தத்துக்கும் என்னுடையதற்கும் நான்கு கிலோமீட்டர் இடிக்கிறது. மூன்று முறை கூட்டிவிட்டேன், தப்பு அவர்களுடையதுதான். அந்த நான்கையும் நீதான் மிதிக்கப் போகிறாய் என்பதால் சொல்கிறேன். முதல் வாரம் தெற்கே கடலோரம், தட்டைப் பாதை. தட்டை என்றால் சுகம் என்று இருந்துவிடாதே, நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் பக்கவாட்டில் காற்றடிக்கும் சாலை, ஓட்டுகிறவர்கள் கூட்டம் துண்டு துண்டாகக் கிழியும், உன் அணித் தலைவன் பின்துண்டில் மாட்டினால் அவனை இழுத்துக்கொண்டு வருவது உன் தலையில்தான் விழும். ஒன்பதாம் நாள் ஞாயிறு, தனித்தனியாக நேரம் பார்த்து ஓட்டுவது. பட்டியலில் கீழே இருப்பவர்களைத்தான் முதலில் விடுவார்கள், உன் முறை சீக்கிரம் வந்துவிடும், அதனால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடு. இரண்டாம் வாரத்தில் வெள்ளை மண்சாலை ஒரு நாள், மழை பெய்தால் சேறு, பற்களைக்கூடக் கழுவ வேண்டியிருக்கும். பதினான்காம் நாள் ஐயாயிரத்து இருநூறு மீட்டர் ஏற்றம், ஒரே நாளில். அச்சுப் பிழையோ என்று நினைத்தேன், பிழை இல்லை. காலையில் தொண்டைக்குள் இறங்காவிட்டாலும் சோற்றை விழுங்கு, மூன்றாம் வாரத்தில் உன்னைத் தாங்கப்போவது அதுதான்.

உன் தலைவனுக்கு இந்த முறை முதலிடத்துக்கான ரோஜா நிறச் சட்டை கிடைக்கும் என்று மலரில் எழுதிய ஐந்து பேரில் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். ஏறுவதில் சூரன், இறக்கத்தில் மட்டும் கை விரல்கள் பிரேக்கை விடாது, அதனால்தான் மலையிறக்கங்களில் அவனுக்கு முன்னால் வழி பிடித்துப் போக தமியானோவை எடுத்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கிறது. இதை நீ எங்களுக்குச் சொல்லவே இல்லை. தண்ணீர் பாட்டில் சுமக்கிறேன் என்றுதான் சொன்னாய். உலகத்திலேயே எனக்கு எந்த வேலையைக் கண்டால் ஈரக்குலை நடுங்குமோ அந்த வேலைக்கு உன்னை எடுத்திருக்கிறார்கள் என்று பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்து பதினேழாம் நாள், புதன்கிழமை. நூற்று நாற்பத்தெட்டாவது கிலோமீட்டர், கோர்னாத்தோ, மாலை மூன்று நாற்பத்திரண்டு. இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு சுற்று நம் வாசல் வழியே வருகிறது. நம் வீடு தாண்டியதும் சான் லூக்கானோ ஏற்றம், உச்சி தாண்டினால் பதினாறு கிலோமீட்டர் இறக்கம், இருபத்திரண்டு வளைவு. அதே பாதை. அந்தப் பக்கத்தில்தான் உன் படம், படத்துக்குக் கீழே ஒரு கட்டத்தில் உன் பேட்டி.

உன் அப்பா மூன்று பிரதி வாங்கினார். கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார், அதனால் உன் பியரினா அத்தையிடம் ஒன்றைக் கொடுத்து, "சத்தமாப் படி, எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றார். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். உன் வயது, உன் எடை எல்லாம் படித்தாள், லோரிஸ் கைதட்டினான். பிறகு சட்டென்று நிறுத்தினாள். "ஏன் நிறுத்திட்ட? படி பியரினா," என்றார் உன் அப்பா. "எழுத்து பொடிசா இருக்குண்ணே." "பொடிசா இருந்தா கிட்ட வச்சுப் படி." படித்தாள். சொந்த ஊர் வரும்போது வழக்கப்படி கூட ஓட்டுகிற கூட்டம் உன்னை முன்னால் விட்டால் வீட்டாரைப் பார்க்க நிற்பாயா என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில். வாசலில் இறங்க மாட்டேன், எங்கள் குடும்பத்தில் இறங்குவது அப்பாவின் வேலை.

லோரிஸ்தான் முதலில் வாயைத் திறந்தான், "பையன் ஏதோ தமாசுக்குச் சொல்லியிருப்பான் ஒத்தோரினோ, இந்தப் பத்திரிகைக்காரனுங்க திரிச்சுப் போட்டுருப்பானுங்க," என்றான். இத்தனைக்கும் பஸ் வரும்போதெல்லாம், இறங்குறதுல உன்னை மிஞ்ச ஆளில்லையே என்று உன் அப்பாவைக் கிண்டல் செய்வது இதே லோரிஸ்தான். உன் அப்பா, "தமாசு இல்ல. சரியாத்தான் சொல்லியிருக்கான். நின்னா நாப்பது செகண்ட் போயிடும்," என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தார். வீட்டுக்கு வந்தார், பெருக்குமாறை எடுத்துக்கொண்டு மேலே போனார். பனிக்காலத்தில் சாலையில் கொட்டிய சரளை வளைவுகளில் ஒதுங்கிக் கிடக்கிறதல்லவா, அதைக் கூட்டுகிறார். புதனும் வியாழனும் மலைக்கு அந்தப்பக்க இறக்கத்தில் நான்கு வளைவு முடித்துவிட்டார். இருபத்திரண்டையும் முடிப்பாராம். நகராட்சி லாரி போட்டிக்கு முந்தின வாரம் வந்து கூட்டும் என்று சொன்னேன். "லாரி ஓரத்துல விட்டுடும்," என்றார். நீ ஓரம் பிடித்துத்தான் திரும்புவாயாம்.

தமியானோ, இப்போது சொல்கிறேன். உனக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரிந்த கதை. கூட்டம் வழக்கப்படி உன் அப்பாவை முன்னால் விட்டது, வாசலில் இறங்கினார், என்னை முத்தமிட்டார், சைக்கிளைச் சுவரில் சாய்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேலே ஏற்றத்தில் இழுக்க ஆளில்லாமல் அவருடைய தலைவன் தனியாக மாட்டிக்கொண்டு ரோஜாச் சட்டையை இழந்தான். பயந்தாங்கொள்ளி என்றார்கள், எதிரணியிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டான் என்றார்கள், அதற்குப் பிறகு எந்த அணியும் அவரை எடுக்கவில்லை, பால் வண்டி ஓட்டப் போனார். பள்ளிக்கூடத்தில் உன்னை "இறங்கினவர் மகன்" என்று கூப்பிட்டதற்காக நீ மூன்று பையன்களின் மூக்கை உடைத்தாய். அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை.

அது முத்தம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தெரிந்தது. முந்தின நாள் இன்னோர் அணிப் பையன் ஒருவன் மழையில் மலையிறக்கத்தில் விழுந்ததைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அவன் எழுந்திருக்கவே இல்லை. எனக்கு இரவெல்லாம் கண் மூடவில்லை. மறுநாள் இவர் சிரித்துக்கொண்டு வந்து இறங்கியதும் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்து, காதில் சொன்னேன்: "என் வயித்துல பிள்ளை இருக்கு. அந்த மலையில நீங்க இறங்கினா, திரும்பி வரும்போது நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்." அந்தப் பிள்ளை நீ. அவருக்கு அந்த நொடிவரை அது தெரியாது. என் முகத்தைப் பார்த்தார், மேலே மலையைப் பார்த்தார், சைக்கிளைச் சாய்த்து வைத்தார். இன்னும் ஒன்றையும் கேள். மறுநாள் பத்திரிகையில் எண்ணினேன். அன்று வெயில், சாலை காய்ந்து கிடந்தது. சான் லூக்கானோவில் ஏறியவர்கள் நூற்று நாற்பத்தொரு பேர். கீழே வந்து சேர்ந்தவர்கள் நூற்று நாற்பத்தொரு பேர். ஒருவர்கூட விழவில்லை.

ஒரு வாரம் போகட்டும், ஊர் அடங்கியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு நீ பிறக்கட்டும் என்று. பிறகு உன் ஞானஸ்நானம். பிறகு பழகிவிட்டது மகனே, பொய்யோடு குடித்தனம் நடத்துவது அத்தனை சுலபம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு பாஸ்காத் திருநாளுக்கும் பாவசங்கீர்த்தனத்தில் இதையே சொல்கிறேன். தோன் செலேஸ்தே சாமியார் இந்த வருடம் சலித்துப்போய், "என்கிட்ட எத்தனை தடவைம்மா சொல்லுவ, ஆண்டவரே மனப்பாடம் பண்ணிட்டாரு, சொல்ல வேண்டியவங்ககிட்ட போய்ச் சொல்லு," என்றார். அப்போதும் சொல்லவில்லை. புதன்கிழமை அந்தக் கட்டத்தைப் படித்த பிறகுதான், இருபத்தெட்டு வருடம் மூடி வைத்த என் வாய்தான் உன் வாயில் இப்படிப் பேசுகிறது என்று உறைத்தது.

நேற்று சாயங்காலம் அவர் பெருக்குமாறோடு திரும்பியதும், பையனுக்கு எழுதப் போகிறேன், உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். சந்தோஷப்படுவார், கண்கலங்குவார் என்று நினைத்தேன். எனக்காகத்தான், நான் தலைகுனியக் கூடாது என்றுதான் பேசாமல் இருந்தார் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். அவர் மேசையில் ஓங்கி அடித்தார். அவர் மேசையை அடித்து நான் பார்த்ததில்லை. "நீவெஸ், நான் ஆரம்பிச்சு முடிச்ச போட்டின்னு ஒண்ணுதான் இருக்கு, வாயைத் திறக்காம இருந்தது. அதுல இன்னும் நான்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். அதுலயும் என்னை இறங்கச் சொல்லாதே," என்றார். என் மேல் கோபமா என்று கேட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் கேட்காத கேள்வி. "முதல் பத்து வருஷம் தினமும். அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும்," என்றார். பிறகு, சூப் ஆறுகிறது, சாப்பிடு என்றார். பக்கத்தில் படுத்த மனிதரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இத்தனை காலம் படுத்திருக்கிறேன் மகனே.

இப்போது அவர் சொல்லை மீறித்தான் எழுதுகிறேன். நீ வாசலில் இறங்காமல் போனால், ஊரைக் கூட்டி நீ சொன்ன வார்த்தைதான் அவருக்கு மிஞ்சும். இறங்கினாலோ நான் எழுதிவிட்டேன் என்று அதே நொடியில் அவருக்குத் தெரிந்துவிடும். நோட்டில் ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் அதையும் எழுதிப் பார்த்தேன், எனக்குக் கூட்டத் தெரியாத கணக்கு இது ஒன்றுதான். கடைசியில் ஒன்று தோன்றியது. உன் அப்பாவின் கோபத்தைக் கண்டு பயந்தால், அன்று மலையைக் கண்டு பயந்த அதே பெண்ணாகத்தான் நான் இருப்பேன். அதனால் சொல்கிறேன், இறங்கு. ஊர் பேசியதையெல்லாம் இத்தனை வருடம் அவர் வாங்கிக்கொண்டார், மிச்சமிருக்கிற வருடங்களில் அவர் பேசுவதை நான் வாங்கிக்கொள்கிறேன். கூட்டம் உன்னை முன்னால் விட்டால் நாற்பது செகண்ட் ஆகாது, இருபது போதும். என்னிடம் வராதே, எனக்கு முத்தம் வேண்டாம், நான் பியரினா வீட்டு மாடியில் நிற்பேன், உன் காதுக்கு என் குரல் எட்டாத தூரம். அவரிடம் போ. ஏறுடா, ஏறு என்று கத்துவார், உன்னைத் திட்டுவார், முதுகில் கை வைத்துத் தள்ளுவார். அவர் தள்ளித்தான் நீ அந்த மலை ஏற வேண்டும்.

இருபத்திரண்டு வளைவிலும் மாதா உன் சக்கரத்துக்கு முன்னால் போகட்டும், உன் தலைவனையும் உன் பின்னால் பத்திரமாகக் கொண்டு வரட்டும். உச்சியில் குளிரும், அங்கே நீட்டுகிற செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்கு, வேண்டாம் என்று வீம்பு பிடிக்காதே. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. பால் வண்டிச் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

உன் அம்மா,
நீவெஸ்