கட்டர் சைஸ் கேட்டு எழுதியிருந்தாய்

ஆம்பூர்
6-2-1985

அன்புள்ள அம்சவேணிக்கு,

தணிகைவேல் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, பட்டறையிலும் வேலைக்குக் குறைவில்லை. தம்மாமில் குளிர் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் காலையில் தண்ணீரைத் தொட முடியவில்லை. அதைக் குளிர் என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

உன் ஜனவரிக் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், ஏப்ரல் முப்பதுக்குள் போட வேண்டும், போடாவிட்டால் மே மாதம் டிக்கெட் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எழுதி, நீங்க இன்னா சொல்றீங்கன்னு கேட்டிருந்தாய். அது உன் இஷ்டம். நான்கு வருடமாக அங்கே நர்ஸ் வேலை பார்க்கிறவள் நீ, உனக்குத் தெரியாததா. எனக்கு ஆட்சேபணை இல்லை.

கையெழுத்துப் போட்டால் கிடைக்கிற தொகையில் எனக்கு மேக்னட் டிரில் மிஷின் வாங்கி அனுப்பலாம், கட்டர் என்ன சைஸ் வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அதற்கு விவரமாகப் பதில் எழுதுகிறேன். ஊசி நம்பர் தெரிந்த உனக்குக் கட்டர் நம்பர் தெரியாது, அதனால் பொறுமையாகப் படி.

தோல் பதனிடுகிற ஷாப்பில் பெரிய பெரிய மர டிரம் சுற்றுமே, அதைத் தாங்கி நிற்கிற இரும்பு கர்டரில் ஓட்டை போடுவதுதான் இப்போது எனக்கு வருகிற வேலை. கர்டரைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவர முடியாது. ஏணியில் நின்றுகொண்டு டிரில்லை நெஞ்சால் முட்டுக் கொடுத்து அழுத்தவேண்டும், இல்லாவிட்டால் கேஸ் வைத்து எரித்து ஓட்டை போடவேண்டும். எரித்த ஓட்டை கோணல்மாணலாக வரும், போல்ட் ஆடும், ஆறு மாதத்தில் டிரம் உதற ஆரம்பிக்கும். மேக்னட் டிரில் அடியில் காந்தம் வைத்தது. ஸ்விட்சைப் போட்டால் கர்டரைக் கவ்விக்கொள்ளும், கைப்பிடியைச் சுற்றினால் போதும்.

கட்டர் என்பது நடுவில் ஒன்றுமில்லாமல் விளிம்பில் மட்டும் பல் வைத்தது. பூரி மாவை டம்ளர் கவிழ்த்து வட்டமாக வெட்டுவாயே, அந்த மாதிரி. பதினான்கு, பதினெட்டு, இருபத்திரண்டு, இந்த மூன்று எம்.எம். அளவில் வாங்கு. இங்கே இருபது எம்.எம். போல்ட்தான் ஜாஸ்தி, அதற்கு ஓட்டை இருபத்திரண்டு. ஆகவே அதில் மட்டும் இரண்டு. கடைக்காரர் ஐம்பது எம்.எம். ஆழம் போகிற நீளக் கட்டரைக் காட்டுவார். ஏமாறாதே. இருபத்தைந்து ஆழமே நமக்கு ஜாஸ்தி, நீளம் கூடினால் ஆட்டமும் கூடும். கார்பைடு முனை வைத்தது பளபளவென்று இருக்கும், ஆனால் ஒரு உதறலில் சில்லு தெறித்துவிடும். எச்.எஸ்.எஸ். எஃகு என்று கேட்டு வாங்கு, அதை வாணியம்பாடியில் சாணை பிடித்துக் கொடுப்பார்கள். முக்கியமாக மிஷின் தகட்டில் 220 வோல்ட் என்று இருக்கிறதா பார். உங்கள் ஊரில் 110-ம் ஓடுகிறதாமே, அது இங்கே வந்தால் அன்றைக்கே புகைந்துவிடும்.

பக்கத்து வீட்டு சைரா எப்போது பார்த்தாலும், அண்ணி எப்பண்ணா வர்றாங்கன்னு கேட்கிறாள். தெரியலைம்மா என்று சொல்லிவைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன்
தணிகைவேல்


ஆம்பூர்
18-3-1985

அன்புள்ள அம்சவேணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கடையில் போய்க் கட்டர் அளவெல்லாம் ஒப்பித்ததைக் கேட்டு, அந்த மலையாளிக் கடைக்காரர் நீ நர்ஸா மேஸ்திரியா என்று கேட்டாராமே. பச்சையப்பனிடம் படித்துக் காட்டினேன். அண்ணி வந்தா நம்ம பட்டறைல எனக்கு வேலை இருக்காது போலகீதுன்னு சொன்னான். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம். அவன் போன பிறகும் நான் ஒரு தடவை படித்தேன்.

கடைக்காரர் கேட்ட கேள்விகள் சரியான கேள்விகள். பிளேட் எவ்வளவு கனம் என்றால், நம் கர்டர் பன்னிரண்டு எம்.எம். இருக்கும் என்று சொல். ஆறுக்குக் கீழே போனால் காந்தம் சரியாகப் பிடிக்காது. கட்டரின் தண்டு எந்த அளவு என்றால், மிஷினில் எது நுழைகிறதோ அதுதான் அளவு. அங்கேயே ஒவ்வொன்றையும் மிஷினில் மாட்டிப் பார்த்து வாங்கு, வெட்கப்படாதே. கட்டர் நடுவில் சொருகுகிற பைலட் பின் என்று ஒரு கம்பி உண்டு. வெட்டின வட்டத் துண்டை அதுதான் வெளியே தள்ளும். அது இல்லாவிட்டால் துண்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தனியாக விற்பார்கள், மறந்துவிடாதே. பன்னிரண்டுக்குக் கீழே கட்டர் கிடையாது, சின்ன ஓட்டைக்கு எட்டும் பத்தும் சாதா டிரில் பிட், அதை மாட்ட ஒரு சக்.

இதெல்லாம் எனக்கு எப்படி இத்தனை நிச்சயமாகத் தெரியும் என்றால், ராணிப்பேட்டை காண்ட்ராக்டர் நந்தகோபாலிடம் அந்த மிஷின் ஒன்று இருக்கிறது. வாணியம்பாடி ரோட்டில் ஒரு தோல் ஷாப் வேலைக்காக இரவல் வாங்கி வந்திருக்கிறேன். அம்சவேணி, வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. முதல் ஓட்டையிலிருந்து விழுந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். காட்டுவதற்கு ஆளில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மிஷின் இருபத்திரண்டு கிலோ இருக்கிறது. அதைக் கொண்டுவருகிறவர் பெட்டியில் வேறெதற்கும் இடமிருக்காது, சொல்லிவிட்டுக் கொடு.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பேஜார். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தால் அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. போன வாரம் சும்மா போய்ப் பட்டறை ஷட்டரைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். தெருவில் போன ஒருவர், இன்னாப்பா லீவு நாள்லயும் வேலையான்னு கேட்டார். ஆமாம் என்றேன்.

கையெழுத்து விஷயமாக மறுபடியும் கேட்டிருக்கிறாய். நான்தான் போன கடிதத்திலேயே சொல்லிவிட்டேனே. உனக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்.

உன்
தணிகைவேல்


ஆம்பூர்
9-4-1985

அன்புள்ள அம்சவேணிக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதென்று பயப்படாதே. இடது கை மாவுக்கட்டில் இருக்கிறது. தாளைப் பிடித்துக்கொள்ள முடியாமல் மேலே ஒரு ஸ்பேனரை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

இதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள், முன்பு அங்கே உன்னோடு வேலை பார்த்த விஜயகுமாரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அம்சவேணிக்கு எழுதாதேம்மா என்று கேட்டுப் பார்த்தேன். நீங்களே எழுதுங்க, பத்து நாள் டைம் தர்றேன், இல்லைன்னா நான் எழுதிடுவேன்னு மிரட்டிவிட்டாள். இன்றோடு பத்து நாள் ஆகிறது.

போன மாதம் இருபத்தேழாம் தேதி, காலையில் பத்தரை மணி இருக்கும். கடைசி டிரம்மின் கர்டரில், தலைக்கு மேலே மிஷினை ஒட்டவைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். மிஷினோடு ஒரு செயின் வரும், அதைக் கர்டரைச் சுற்றிக் கட்ட வேண்டும். செயினைக் கட்டிடலாங்கன்னு பச்சையப்பன் சொன்னான். இன்னாத்துக்குடா, யானை மாதிரி பிடிச்சிருக்குது பாருன்னு நான்தான் தடுத்தேன். ஒன்பது நாளாகக் கட்டாமலேதான் ஓட்டினேன், ஒரு நூல் நகரவில்லை. அப்போது கரண்ட் போய்விட்டது.

அந்தக் காந்தம் கரண்ட் இருந்தால்தான் பிடிக்கும். கரண்ட் போனால் அது இருபத்திரண்டு கிலோ இரும்பு, அவ்வளவுதான். இந்த ஊரில் வாரத்தில் ஏழு நாளும் கரண்ட் போகிறது. நெருப்புப்பெட்டி எந்த மூலையில் இருக்கிறதென்று இருட்டில் தடவி எடுக்கிறவன் நான். கட்டர் ஆழம், பின் நீளம், வோல்ட் எல்லாம் உனக்குப் பாடம் எடுத்தேன், இது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை. தலையில் விழவேண்டியது. சத்தம் நின்றதும் பச்சையப்பன் என்னைப் பிடித்து இழுத்தான், முழங்கைக்குக் கீழே விழுந்தது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. விரல்கள் அசைகின்றன. மாவுக்கட்டை மே பத்தாம் தேதி வாக்கில் பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார்.

நந்தகோபால் வந்து பார்த்தார். மிஷினின் மூடிதான் விரிசல் விட்டதாம், அதைப் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மீதி இருந்த எட்டு ஓட்டையைப் பச்சையப்பன் பழைய டிரில்லில் போட்டான். முதலில் சின்ன பிட், பிறகு அதைவிடப் பெரியது, அப்படியே அகலப்படுத்திக்கொண்டே போய் முடித்தான். நான்கு நாள் பிடித்தது. டிரம் ஆடாமல் ஓடுகிறது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண், கூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டாள். பச்சையப்பன் மருந்து வாங்கப் போயிருந்தான். சம்சாரம் எங்கேன்னு கேட்டாள். சவுதி என்றேன். வேற யாருமே இல்லையான்னு கேட்டாள், வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். வலியில் அழுகிறேன் என்று நினைத்து ஊசி போடச் சொன்னாள்.

மூன்று நாள் அங்கே படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். உன் ஜனவரிக் கடிதம் மூன்று பக்கம். உன் அறையில் இருந்த திருப்பத்தூர்ப் பெண் ஊருக்குப் போய்விட்டாள், இப்போது தனியாக இருக்கிறேன் என்று ஒரு பக்கம். எனக்கு இங்க போதும்னு தோணுதுங்க, நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடறேன்னு இன்னொரு பக்கம். கட்டரைப் பற்றி மூன்றாம் பக்கத்தின் அடியில் இரண்டே வரி. நான் அந்த இரண்டு வரிக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். நீ திரும்பவும் கேட்டாய். திரும்பவும் பைலட் பின்னைப் பற்றி எழுதினேன்.

உன் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. போய் வா என்று நான்கு வருடம் முன்னால் சொன்னவன் நான். பட்டறை நின்றதே நீ அனுப்பியதில்தான். வா என்று சொல்ல எனக்கு எந்த முகம் இருக்கிறது என்று நினைத்தேன். நான் சொல்லாமலே நீயாகவே வந்துவிட மாட்டாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்கக் கேட்க உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று எழுதியது வீம்பு. வேறு பெயர் இல்லை அதற்கு.

இப்போது சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே. மிஷின் வேண்டாம், கட்டர் வேண்டாம். கைக்காக வராதே, கை மே மாதம் சரியாகிவிடும், சைரா வீட்டிலிருந்து இரண்டு வேளை சாப்பாடு வருகிறது, பச்சையப்பன் தலை துவட்டிவிடுகிறான். என்னால் நீ இல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்காக வா.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர பன்னிரண்டு நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. முப்பதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். என் போன இரண்டு கடிதத்தையும் நம்பி நீ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் அது உன் குற்றம் இல்லை, உன்மேல் எனக்குக் கோபமும் வராது.

வருவதானால் தந்தி கொடு. கையெழுத்துப் போட்டாகிவிட்டதென்றால் தந்தி கொடுக்காதே, கடிதமாக எழுது. அது வந்து சேருகிற வரைக்குமாவது நீ வருகிறாய் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

நீ நல்லபடியாக இரு.

உன்
தணிகைவேல்