தருணை அளந்த பிறகு

மைசூரு

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நீ வேலை பார்க்கும் ஊர்க் குளிரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் நம் மாதேஸ்வர சாமி பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அவள் காதில் இதெல்லாம் இன்னொரு தடவை விழ வேண்டாம் என்றுதான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி தருணுக்குச் சளி கட்டி அடிக்கடி காய்ச்சல் வந்தது உனக்குத் தெரியும். மூளை முடக்குவாதப் பிள்ளைகள் ஒல்லியாகத்தான் இருக்கும் என்று பழைய டாக்டர் சொன்னதை நம்பி இத்தனை வருஷம் ஓட்டினோம். வீடியோவில் நீ பார்க்கும்போதும் முகம் நன்றாகத்தானே இருந்தது. இந்தத் தடவை காய்ச்சல் விடவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மாதேவி என்று ஒரு குழந்தை டாக்டர், தருண் எவ்வளவு உயரம் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. முதுகு கோணி, கால் மடங்கிக் கிடக்கிறவனை யார் அளந்தார்கள். அந்த டாக்டரம்மா அவனை நிமிர்த்தவே இல்லை, முழங்காலிலிருந்து குதிகால் வரை மட்டும் அளந்து அதை வைத்தே உயரத்தைக் கணக்குப் போட்டார். என்னைத் தனியாக நிறுத்தி எடை பார்த்தார், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்க அவன் மேல்கையின் பின்பக்கம் இடுக்கி மாதிரி ஒன்றால் பிடித்தார். வெறும் தோல்தான் வந்தது கண்ணு.

இது வியாதியால் வந்த மெலிவு இல்லை, உடம்புக்குச் சோறு போதவில்லை, ஊட்டுவதில் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் போகிறது, இனி வாய் வழியாக எதுவும் வேண்டாம், வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். நாலு வேளையும் மடியில போட்டு ஊட்டறேன், எம்புள்ள பட்டினி கெடந்தான்னு சொல்றீங்களா என்று அம்மா கேட்டாள். டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அம்மா, அவனுக்குப் பேச்சில்ல, நடையில்ல, நாக்குல ருசி ஒண்ணுதான் இருக்குது, அதையும் புடுங்கோணுமா என்று என்னிடம் கேட்டாள். குழாய் வேண்டாம் என்று அவனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

அந்த வாரமே ராகிக் கூழ் ஊட்டும்போது புரை ஏறி உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆட்டோவில் என் மடியில் அவன் மூச்சு விட்டு விட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் மூச்சு மிஷின் வைத்துத்தான் பிழைத்தான். ஆபரேஷனுக்கு உன் அம்மாவே கையெழுத்துப் போட்டாள், ஆனால் கத்தி வைக்கிற அளவுக்குக்கூட உடம்பில் தெம்பில்லை என்று மூக்குக் குழாயில் பால் விட்டுத் தேற்றி, அப்புறம்தான் செய்தார்கள். உன்னிடம் வெறும் காய்ச்சல் என்று சொன்ன நாட்கள் அவை.

இப்போது வீட்டில் இருக்கிறான், ஆகாரம் எல்லாம் வயிற்றுக் குழாயில்தான். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மேல்கையில் பிடித்தால் விரலுக்குள் கொஞ்சம் சதை நிற்கிறது. ஆனால் நுரையீரல் கெட்டது கெட்டதுதானாம், இன்னொரு தடவை சளி இறங்கினால் தாங்குவானா என்று சொல்ல முடியாதாம். நாங்கள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறோம். தாளிக்கிற வாசனைக்கே அவன் வாய் மெல்லுகிறது. அம்மா பாதியில் எழுந்துவிடுகிறாள்.

லீவு கிடைத்தால் தள்ளிப்போடாமல் ஒரு தடவை வந்து போ. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. வீடியோவில் கூப்பிடும்போது தம்பி சாப்பிட்டானா என்று கேட்காதே. அந்தச் சொல் காதில் விழுந்தால் அவன் வாயைத் திறந்து காத்துக்கொண்டிருக்கிறான்.

உன் அப்பா
லிங்கப்பன்