சக்கர நாற்காலியைப் பார்த்து என் உடல்வலிமையை முடிவு செய்தது குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் (வயது எழுபத்தெட்டு),
நான்காம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் குடியிருப்பு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
புற்றுநோய் மருத்துவமனை.

பொருள்: அறுவை சிகிச்சையை என் உடல் தாங்குமா என்பதை முறையாகச் சோதித்து முடிவு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. வேறெங்கும் பரவவில்லை, வெட்டி எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். மயக்க மருந்து மருத்துவரின் ஒப்புதல்தான் பாக்கி.

2. அந்த மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்க வந்த அன்று, வாசலிலேயே ஊழியர் ஒருவர் என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார். "எழுபது தாண்டிட்டா வண்டிதான் ஐயா, இங்க அதான் வழக்கம்" என்றார். அவர்மேல் வருத்தமில்லை, அன்பாகத்தான் தள்ளினார். ஆனால் மருத்துவர் கண்ணில் பட்டது நாற்காலிதான். "நடமாட்டமே இல்லாதவருக்கு இவ்வளவு பெரிய ஆபரேஷன் தாங்காதும்மா" என்று உடன் வந்த என் மகளிடம் சொல்லிவிட்டார். அவள் பயந்துபோனாள். நான் நடப்பேன் என்றேன். "சரிங்க தாத்தா" என்று தோளைத் தட்டினார். தாத்தா என்று கூப்பிடும் உரிமை என் பேத்திக்கு மட்டுமே உண்டு.

3. எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் மழைக்காலத்திலிருந்து ஓடவில்லை. ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைத்தவனுக்கு இந்தக் கதியா என்று அக்கம்பக்கத்தார் கிண்டல் செய்கிறார்கள். காய்கறிப் பையோடு தினமும் நான்கு மாடி ஏறுகிறேன். மூன்றாவதில் சற்று நின்று மூச்சு வாங்குவேன், அதையும் மறைக்கவில்லை. "நாலு மாடி ஏறி வர்ற மனுஷனுக்கு ஆபரேஷன் டேபிள்ல படுக்க முடியாதாமா?" என்று என் மனைவி கேட்கிறாள். அதே கேள்வியைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

4. இந்த வயதில் ஆபத்து கூடுதல் என்பது தெரியும். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், எடையும் குறைந்திருக்கிறது. அவற்றையும் கணக்கில் எடுங்கள். தங்கள் மருத்துவமனையிலேயே முதியோர் பிரிவு இருப்பதாகச் செவிலியர் ஒருவர் சொன்னார். அங்கே எழுந்து நடக்கச் சொல்லி, கைப்பிடியின் பலம், ஞாபகம், சாப்பாடு எல்லாம் பார்ப்பார்களாம். குறை இருந்தால் சத்துணவும் பயிற்சியும் கொடுத்துத் தேற்றிவிட்டு அறுவை செய்வதும் உண்டாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பசி திரும்பியிருக்கிறது.

5. சோதித்த பிறகும் முடியாது என்றால் ஏற்றுக்கொள்வேன். மகளையும் நானே சமாதானப்படுத்துவேன். சோதிக்காமலே கைவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை, ஐயா.

ஆகவே, கட்டி பெரிதாகும் முன் முதியோர் பிரிவில் எனக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அன்று வண்டி வேண்டாம் என்று வாசல் ஊழியரிடம் சொல்லி வையுங்கள். விருப்பமிருந்தால் அவர் என்னோடு பேசிக்கொண்டே நடந்து வரட்டும்.

இடம்: நான்காம் மாடி
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
மேற்படி மெக்கானிக்

(நேரில் நடந்து வந்து கொடுத்த மனு)