இரண்டாம் சுற்று விலை

அக்டோபர் 6, திங்கள்
ஜெனரல் மேனேஜர் கிரெக் காலையிலேயே அறைக்குக் கூப்பிட்டார். "டேரனை விற்றால் என்ன கிடைக்கும்?"

டேரன் எங்கள் ஆஸ்டின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் குவாட்டர்பேக், பந்தை எறிகிறவன். இருபத்து நாலு வயது. மூன்று வருடத்துக்கு முன் டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்குகிற இடத்தில், முதல் சுற்றிலேயே எடுத்தோம். இப்போது எறிவதில் பாதி எதிராளி கைக்குப் போகிறது. பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

இங்கே ஆட்டக்காரனுக்கு விலை பணமில்லை. வாங்குகிற அணி, அடுத்த டிராஃப்டில் தன் முறை ஒன்றை நமக்குத் தரும். இரண்டாம் சுற்று என்றால் உசத்தி, ஆறாம் சுற்று என்றால் தள்ளுபடி. எது என்று கணக்குப் போட்டுச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அக்டோபர் 8
எல்லா ஆட்டத்தையும் திரும்பப் பார்த்தேன். பையன் மோசமில்லை. முன்னால் நின்று காக்க வேண்டிய தடியர்கள் வழிவிட்டால் அவன் என்ன செய்வான்? மூன்று வருடத்தில் மூன்று கோச் வேறு. ஆளுக்கொரு விதமாகக் கால் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

என் விலை: இரண்டாம் சுற்று. கிரெக் சிரித்துவிட்டார்.

அக்டோபர் 15
ஓர் அணி ஐந்தாம் சுற்றுக்குக் கேட்கிறது. கிரெக் தலையாட்டத் தயார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூலையில் போட்டு வைத்தால் எவன் விலை கொடுப்பான்? வாப்பா ஜவுளிக்கடையில் ஓடாத புடவையைத்தான் வாசலில் மாட்டுவார்.

"காவலை மாற்றி, இரண்டு ஆட்டம் ஆட விடுங்கள்" என்றேன்.

"சொதப்பினால் பொறுப்பு உன்னுடையது."

சரி என்றேன். வாய்க்கொழுப்பு.

வீட்டில் என் கணவர் ஜுஹைர், "கிரீன் கார்டு ஃபைல் பண்ற நேரம் ஹஃப்சா. விசா உன் டீம் கையில இருக்கு. எவனோ ஒரு பிளேயருக்காக நீ ஏன் ஃபைட் பண்றே?" என்றார். பயம் எனக்கும்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு
தோற்றோம். ஆனால் டேரன் ஒரு பந்தைக்கூட எதிராளிக்குக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு
ஜெயித்தோம்! கோல் மாதிரி நாலு டச்டவுன், நாலும் அவன் எறிந்தது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. கிரிக்கெட்டைத் தவிர எதையும் மதிக்காத ஜுஹைரே சோபாவை விட்டு எழுந்து நின்றார்.

அக்டோபர் 27
கேன்டீனில் டேரன் தட்டோடு என் மேஜைக்கு வந்தான். இதுவரை பேசியதே இல்லை. அவனை ஆட விடச் சொன்னது நான்தான் என்று கேள்விப்பட்டானாம். மனைவிக்கு ஏழு மாதம். பக்கத்து ஊர் ரவுண்ட் ராக்கில் வீடு பார்த்துவிட்டார்கள், எந்த டேகேர் நல்லது என்று கேட்டான். என் மகள் போகிற இடத்தைச் சொன்னேன். மனசுக்கு நிறைவாக இருந்தது.

நவம்பர் 3
இரண்டாம் சுற்று வந்துவிட்டது.

"நீ சொன்ன விலை. விற்கலாமா?" என்றார் கிரெக். ஆட்டக்காரர்களை விற்க நாளையோடு கெடு முடிகிறது.

அவனை வைத்துக்கொள்ளச் சொல்லித்தானே இத்தனை நாள் நான் — இல்லை. அப்படிச் சொல்லவே இல்லை. விலைதான் சொன்னேன். கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதேதான் வருகிறது. டேகேரை எந்தக் கட்டத்தில் போடுவது?

"நியாயமான விலை" என்றேன்.

நவம்பர் 4
முடிந்தது. கிரெக் எல்லார் முன்னாலும் எனக்குக் கைதட்டினார். கிரீன் கார்டு வேலையை உடனே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். ஜுஹைர் போனில் "மாஷா அல்லாஹ்" என்றார்.

மாலையில் டேரன் பெட்டியோடு வந்தான். "என்னை விற்கக் கூடாது என்று கடைசிவரை சண்டை போட்டீர்களாமே. மறக்க மாட்டேன்" என்றான். யார் சொன்னார்களோ. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பத்திரமாகப் போய் வா என்றேன்.