திருப்பித் தரும் தேதி

கார்வர் ஃபோர்க், கென்டக்கி
நவம்பர் 9, ஞாயிறு மதியம்

அன்புத் தங்கை ட்வைலாவுக்கு,

அக்கா லொரெட்டா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் பார்த்தேன், மனசு ஒப்பவில்லை. உடம்பளவில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் அத்தான் ராய்ஸுக்கு முதுகுவலி, அது புதுச் செய்தி இல்லை. முதுகு வலிக்காத நாளில்தான் அந்த மனுஷன் கவலைப்படுவார். உன் பிள்ளை டெஸ்ஸாவுக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. இப்போது சமையலறை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பொம்மைக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறாள். ஒரு எழுத்தும் தெரியாது, ஆனாலும் ஒரு வரி விடாமல் வாசிக்கிறாள்.

தண்டனை முடியுமுன் வெளியே விடும் பரோல் உனக்குக் கிடைக்கவில்லை என்று உன் வக்கீல் செவ்வாய்க்கிழமை போனில் சொன்னார். இன்னும் நான்கு வருடம் கழித்துத்தான் மறுபடி விசாரிப்பார்களாம். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு மசித்தேன், மசித்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் நின்றவள் வந்து கையைப் பிடிக்கும்போது அது கூழாகியிருந்தது. நான்கு வருடம் கழித்து டெஸ்ஸாவுக்கு எட்டரை வயது. உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது, அதனால் கேட்கவில்லை.

நான் எழுத வந்தது வேறு விஷயம். தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற நடையில் என் கையைப் பிடித்து நீ சொன்னாயே, "ஜெயில்னு மட்டும் சொல்லிடாதக்கா, தூரமா வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லு" என்று. இரண்டு வருடமாக அந்த வாக்கைக் காப்பாற்றினேன். காப்பாற்றிய லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

சனிக்கிழமைதோறும் அவளை நூலகத்துக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே குழந்தைகள் பக்கத்தில் ஜன்னலுக்குக் கீழே வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துணிப்பை. ஒரு பைக்கு ஒரு விஷயம், ஐந்து படப் புத்தகம், மூன்று வாரத் தவணை. மழை, பண்ணை, பல் விழுவது, புதுத் தம்பி என்று அட்டை தொங்கும். நான் எடுத்தது 'பயணம்'. உன்னைப் பற்றிக் கேட்டால் அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று முறை அதே பையை எடுத்தேன், நடுவில் 'ரின்யூ' பண்ணித் தவணையையும் நீட்டிக்கொண்டேன்.

ஐந்து புத்தகத்திலும் யாராவது ஒரு அம்மா போகிறாள். ஒரு வாத்து, ஒரு கரடி, ஒரு கப்பல் தலைவி, ஒரு நர்ஸ், ஒரு ரயில் எஞ்சின். ஐந்திலும் கடைசிப் பக்கத்தில் கதவு திறக்கிறது, அம்மா வந்து நிற்கிறாள். இதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். டெஸ்ஸா கவனித்தாள். புத்தகத்தை மூடிவிட்டு நம் வாசல் கதவைப் பார்ப்பாள். "கதைதான் முடிஞ்சிடுச்சே பெரியம்மா, எங்க அம்மா எங்க?" என்பாள். நான் அடுத்த புத்தகத்தை எடுப்பேன்.

கோடையில் ஒரு நாள் கரடிப் புத்தகத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று நூலக மேஜைமுன் உருண்டு அழுதாள். "அது உனக்குக் கடனாக் குடுத்ததுடா கண்ணு, தேதி வந்தா வீட்டுக்குத் திரும்பிடணும்" என்று சொல்லி, பின்னட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டைக் காட்டினார் நூலகர் மிஸஸ் புரூயிட். அதைப் பிடித்துக்கொண்டேன் நான். காரில் வரும்போது, "உங்க அம்மாவையும் அப்படித்தான் ஒரு இடத்துல கடனா வாங்கியிருக்காங்க, தேதி வந்தா திருப்பிக் குடுத்துடுவாங்க" என்றேன். அன்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். என்ன தேதி என்று கேட்டாள். உன் பரோலை மனதில் வைத்து, மேப்பிள் மரத்து இலையெல்லாம் விழுந்ததும் என்றேன்.

அவள் தினமும் அந்த மரத்தடிக்குப் போனாள், ட்வைலா. விழுந்த இலைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, மேலே எத்தனை இருக்கிறது என்று பார்ப்பாள். வியாழக்கிழமை அடித்த காற்றில் மிச்சமும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வெளியே போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நாள் ஆகுமாம் என்றேன். "ரின்யூ பண்ணிட்டாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல? "வேற யாராச்சும் அதே புத்தகம் வேணும்னு கேட்டா ரின்யூ பண்ண முடியாதுல்ல? நான் கேட்டேன்னு நீ அவங்ககிட்ட சொன்னியா?" என்றாள். நான் அவள் கோட்டுப் பொத்தானைக் கழற்றப் போனேன். "சொல்லவே இல்லியா?" என்று என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அது உன் பார்வை. சின்ன வயதில் உன் சைக்கிளை நான் கேட்காமல் எடுத்துப்போனபோது பார்த்த பார்வை.

நேற்று நூலகத்துக்குக் கிளம்பும்போது பை கனத்தது. திறந்து பார்க்கவில்லை. அங்கே மேஜைமேல் அவளே எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினாள். நூலகத்தின் ஐந்து, கூடவே அவளுடைய சொந்தப் புத்தகங்கள் எல்லாம், நீ அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு வாங்கிய கெட்டி அட்டைப் புத்தகம் உட்பட. "இதெல்லாம் உன்னோடது கண்ணு, ஏன் குடுக்கற?" என்று கேட்டார் மிஸஸ் புரூயிட். "நாம எல்லாத்தையும் குடுத்துட்டா அவங்களும் குடுத்துடுவாங்க. எங்க அம்மாவ யாரோ ரின்யூ பண்ணிட்டாங்க" என்றாள்.

யாரிடம் சொன்னாள் பார். மிஸஸ் புரூயிட்டிடம். நீ போதை மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிய அன்று, சாலை வேலையில் கொடி பிடித்து நின்று உன் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போன விர்ஜிலின் கூடப்பிறந்த அக்காவிடம். இரண்டு வருடமாக அந்தப் பெண்மணி நம் பிள்ளைக்குத் தேதி முத்திரை குத்தித் தருகிறார். நானும் வானிலையைத் தவிர வேறு ஒன்றும் பேசாமல் வாங்கி வருகிறேன். ஜன்னல் கொக்கியில் மாட்டாத பைகளும் உண்டு என்று எனக்குத் தெரியும். அவை மேஜைக்குப் பின்னால் இருக்கும். வேண்டியவர்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். இருந்தாலும், அல்லது அதனால்தான், வாய் திறக்க எனக்கு இரண்டு வருடம் முடியவில்லை. அதுவும் அவரிடம்.

நேற்றுக் கேட்டேன். மெதுவாகச் சொன்னதால் அவரே குனிந்து கேட்டுக்கொண்டார். "அம்மா ஜெயில்ல இருக்கற பிள்ளைங்களுக்குன்னு ஏதாவது பை இருக்குங்களா?" என்றேன்.

அவர் பின்னால் போய் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு பை பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் அட்டையில் 'இறந்தவர்கள்' என்று எழுதியிருந்தது. கைப்பிடி நைந்து, துவைத்துத் துவைத்து நிறம் போயிருந்தது. விர்ஜிலின் பிள்ளைகள் தூக்கிப்போன பை அதுதான், கேட்காமலே தெரிந்தது. மற்றது மடிப்புக்கூடக் கலையாத புதுப் பை. அதைக் கொண்டுவந்து வைத்து, "தீர்ப்பு வந்த மாசமே கட்டி வச்சேன். நீயே வந்து கேக்கட்டும்னு இருந்தேன்" என்றார். நன்றி சொல்லப் போனேன். "உன் தங்கச்சிய நான் மன்னிக்கல, லொரெட்டா. இது பிள்ளைக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத" என்று சொல்லிவிட்டு முத்திரையைக் குத்தினார். நவம்பர் 29. டெஸ்ஸாவின் சொந்தப் புத்தகங்களைத் தனியே ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்.

பையில் மூன்றே புத்தகம். இந்த விஷயத்துக்கு ஐந்து கிடைக்கவில்லை போலிருக்கிறது. காரிலேயே மூன்றையும் பார்த்துவிட்டேன். ஒன்று உபதேசம், ஒன்றில் படம் சரியில்லை. மூன்றாவது நல்ல புத்தகம். ஒரு சின்னப் பெண், அவளுடைய அம்மா தப்புச் செய்ததால் சிறையில் இருக்கிறாள். தப்பு என்று நேராகவே எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்த அம்மா வீட்டுக்கு வருவதில்லை. ஒரு நீளமான மேஜை, இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் அம்மா, நடுவில் நான்கு கை. அவ்வளவுதான்.

இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். பிள்ளை உன்னை அந்தச் சீருடையில் பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் எங்களை வரவிடாமல் தடுக்கிறாய். அது உன் வெட்கம், அவளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, ஆனாலும் எழுதிய வரியை அடித்துவிடப்போவதில்லை. மாதம் ஒருமுறை சர்ச்சிலிருந்து பெண்கள் அங்கே வந்து, அம்மாக்கள் புத்தகம் வாசிப்பதைப் பதிவுசெய்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்களாமே. போன மாதம் உன் பெயரையும் கூப்பிட்டார்களாம், நீ எழுந்திருக்கவில்லையாம். இந்த மாதம் எழுந்திரு. அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்றை அவர்களிடம் சேர்க்க மிஸஸ் புரூயிட்டே ஏற்பாடு செய்திருக்கிறார். ஏன் என்று என்னைக் கேட்காதே, நான் அவரைக் கேட்கவில்லை.

வாசிப்பதற்கு முன்னால் நீ யார் என்று சொல்லிவிடு. நேற்று காரில், "எங்க அம்மா எப்படிப் பேசுவா?" என்று கேட்டாள். என் குரல் மாதிரிதான், கொஞ்சம் மெல்லிசா என்று சொல்லிப் பேசிக்காட்டினேன். உன் குரல் எனக்கு வரவில்லை. அவளுக்கு உன் குரல் மறந்துவிட்டது, ட்வைலா.

29ஆம் தேதி வரை அந்தப் பையை அலமாரிமேல் வைத்திருப்பேன். அதற்குள் உன் குரல் வராவிட்டால் நானே உட்கார்ந்து வாசித்துச் சொல்லிவிடுவேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன் என்று தெரிந்தேதான் செய்வேன். ஆனால் உன் வாயால் கேட்பது வேறு.

இத்துடன் ஒரு சீட்டு இருக்கிறது. டெஸ்ஸா கேட்டு வாங்கிய புதுத் தேதிச் சீட்டு. அங்கே கடிதத்தை நகலெடுத்துத்தான் கையில் தருகிறார்களாம், அதனால் உனக்குக் கறுப்பாகத் தெரியும். அவள் வரைந்தது சிவப்பில். மேலே இருப்பது நீ, உனக்குத்தான் அவ்வளவு முடி. கீழே உள்ள வளைசல் அவள் பெயர், அதாவது 'இவங்கதான் கேட்டாங்க' என்று அர்த்தம். நடுவில் விட்டிருக்கும் இடத்தில் நீ தேதி எழுத வேண்டுமாம்.

பொய்த் தேதி எழுதாதே. நான் சொன்ன பொய்த் தேதி போதும். எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, அந்த நகல் சீட்டையே திருப்பி அனுப்பு. அவள் தபால்பெட்டிப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்துவிட்டாள்.

கடவுள் உனக்கு வாய் திறக்கும் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
லொரெட்டா