மேற்கு போர்வெல்லில் பிடிக்காத பாட்டில்

வைகாசி 5, செவ்வாய். வெயில். காற்றே இல்லை.

எங்கள் ஊர் மேற்கு போர்வெல் தண்ணீரில் குரோமியம். இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதுதான் நடந்த அநியாயம்.

செங்கல்பட்டில் தனியார் ஆய்வகத்தில் நான் தண்ணீர் கொடுத்து வாங்கிய தாளில் ‘அளவுக்கு மேல்’. அது செல்லாதாம். அரசுத் தாள் இன்று வந்தது: ‘குடிக்க உகந்தது’. கல்குவாரிப் பள்ளத்தில் எவனோ முலாம் பட்டறைக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனான். போர் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

மருமகள் கௌரிக்கு ஆறாம் மாதம். அதே குழாய். “காய்ச்சித்தான் குடிக்கிறேன் மாமா” என்கிறாள். காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியம் போகாது. நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தது. சொன்னேன். சிரிக்கிறாள்.

வைகாசி 6, புதன். அதே வெயில்.

உத்திரமேரூர், குடிநீர் அலுவலகம். பத்து மணிக்குப் போனேன். ஒன்றரைக்குத்தான் பொறியாளர் கூப்பிட்டார்.

“பெரியவரே, ரிப்போர்ட்டுல தண்ணி நல்லா கீது. இன்னும் இன்னா பேஜாரு?”

“ரிப்போர்ட்டுல நல்லா கீது சார். கொடத்துல மஞ்சளா கீது.”

“வயசானா எல்லாம் மஞ்சளாத்தான் தெரியும்” என்றார் எழுத்தர். சிரிப்பு.

கண் அறுவை முடிந்து நான்கு மாதம். ஊசியில் நூல் கோக்கிறேன்.

வரும்போது வெண்டைக்காய், அரைக் கிலோ. முற்றல்.

பஸ்ஸில் யோசனை. அரசுச் சோதனைக்குப் போன பாட்டிலில் தண்ணீர் பிடித்தது யார்?

வைகாசி 7, வியாழன். மேகம் மட்டும்.

தொட்டி ஆபரேட்டர் கோபால், என் தம்பி மகன். வால்வு திறக்கும் இடத்தில் பிடித்துக் கேட்டேன்.

“கோயில் கெணத்துல புடிச்சேன் பெரிப்பா.”

“ஏன்டா?”

“இன்னா பெரிப்பா, சோதனைக்கு வந்தது வெளியூர் ஆபீசருங்க. மஞ்சத் தண்ணிய நீட்டுனா ஊர் மானம் இன்னா ஆவறது? குடிச்சும் பாத்தாங்க. எளநி மாதிரி கீதுன்னாங்க.”

பெருமை வேறு.

“அவங்கள இல்ல போராண்ட இட்டாந்து புடிக்க வெக்கணும்?”

“நீதான அவங்கள வெயில்ல நிக்க வெக்காதன்னு சேர் போட்டு, மோர் குடுத்துக்கினு இருந்த?”

உண்மை.

எழுதிக் கொடு என்றேன். “வேலை பூடும் பெரிப்பா.”

வைகாசி 8, வெள்ளி. காலையில் தூறல், ஐந்து நிமிடம். செய்ய வேண்டியவை.

கோபால்: கிணற்றில் பிடித்ததாக எழுதிக் கையெழுத்து. இன்றே.

நான்: உட்கார வைத்து மோர் கொடுத்தது நான் என்று அதன் கீழேயே எழுதுவது. அவன் மட்டும் மாட்டக் கூடாது.

பொறியாளர்: மேற்கு போரில், தன் கையால், மறுபடி பிடிப்பது. குரோமியம் பார்க்கவேண்டும் என்று குறித்து அனுப்புவது. முடிவு வரும்வரை போரை நிறுத்தி லாரித் தண்ணீர். தராவிட்டால் அவர் வாசலிலேயே உட்காருவேன்.

கழிவு: கொட்டியவனே அள்ள வேண்டும். கண்டுபிடிக்க வேண்டியது கலெக்டர். மனு திங்கட்கிழமை.

கௌரி: பிள்ளை பிறக்கும்வரை பழையசீவரம், தாய் வீடு. மகன் கூட்டிப்போக வேண்டும், நாளை முதல் பஸ். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.